19ஆம் நூற்றாண்டு ஓவியக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை வாசிப்பது எப்படி? கொழும்புப் பக்கங்களை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

19ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த ஐரோப்பியர் பலரின் பெட்டியில் ஓர் ஓவியக் குறிப்பேடு இருந்தது. படை அதிகாரிகளும் அரசாங்க உத்தியோகத்தரும் அவர்களுடைய மனைவியரும் வழிப்பயணிகளும் கண்டதைப் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கங்களில் பல இன்று இணையத்தில் கிடைக்கின்றன. நாமும் ‘அந்தக் காலத்துக் கொழும்பு’ என்று ஒருவருக்கொருவர் அனுப்பி, பார்த்து மகிழ்ந்து, அடுத்ததற்குப் போய்விடுகிறோம். இது பெரிய இழப்பு என்று நான் கருதுகிறேன். நம் முன்னோரில் பெரும்பாலானோருக்குப் படமும் இல்லை, பதிவும் இல்லை. துறைமுகத்தில் சுமை தூக்கியவரும் காப்பிக்கொட்டை தெரிந்தெடுத்த பெண்ணும் கரத்தை (மாட்டுவண்டி) ஓட்டியவரும் ஒரு தாளில் இடம்பிடித்தது பெரும்பாலும் இந்தக் குறிப்பேடுகளில்தான். வரைந்தவருக்குப் புரியாமலே அவருடைய பென்சில் பதிந்து வைத்த பல விவரங்கள், வேட்டி கட்டும் முறையையும் காதணியையும் சுளகையும் அறிந்த தமிழ் வாசகருக்குப் புரியும்.

விளக்கத்தின் வசதிக்காக ஒரு மாதிரிப் பக்கத்தை அமைத்துக்கொள்கிறேன். இது எந்தக் காப்பகத்திலும் உள்ள தனிப் பக்கம் அன்று; அக்காலப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் கூறுகளைச் சேர்த்து உருவாக்கியது. இடப்பக்கம் ஓர் உயர்ந்த மணிக்கூட்டுக் கோபுரம். நடுவில் கிடுகு வேய்ந்த மாட்டுக் கரத்தையும் அதன் அருகே நடக்கும் ஓர் ஆளும். முன்னால் குந்தியிருந்து சுளகில் எதையோ தெரிந்தெடுக்கும் இரண்டு பெண்கள். வலப்பக்கம் உயர்ந்த தொப்பி அணிந்த ஒருவர், அவருக்குப் பின்னால் மூட்டையோடு ஒரு சிறுவன். மூலையில் ஒரு காதின் தனி வரைவு. அடியில் மையால் ஒரு குறிப்பு: ‘மலபார் பெண்கள், புறக்கோட்டை’.

முதற்படி: அடிக்குறிப்பை மறைத்துவிட்டுப் பாருங்கள்

படத்தின் அடியில் எழுதியிருப்பதை ஒரு தாளால் மறைத்துக்கொள்ளுங்கள். திரையில் பார்த்தாலும் அப்படியே செய்யுங்கள். அடிக்குறிப்பை முதலில் வாசித்தால், அது சொன்னதையே கண் தேடும். பிறகு இடமேல் மூலையிலிருந்து தொடங்கிக் கண்டதை எல்லாம் முழு வாக்கியங்களாக எழுதுங்கள். ‘தமிழ்ப் பெண்’ என்று எழுதக்கூடாது. ‘ஒரு பெண் குந்தியிருக்கிறார், மேற்சட்டை இல்லை, சேலையின் தலைப்பு மார்பைச் சுற்றித் தோளில் கிடக்கிறது, காது மடல் நீண்டு தொங்குகிறது, கையில் சுளகு’ என்று எழுதுங்கள்.

குறிப்புப் புத்தகத்தில் மூன்று பத்திகள் கீறிக்கொள்வது நல்லது: கண்டது, கண்டதிலிருந்து முடிவு செய்தது, ஐயப்படுவது. சுளகு இருப்பது முதல் பத்தி. அதில் இருப்பது காப்பிக்கொட்டை என்பது இரண்டாவதிலோ மூன்றாவதிலோதான் வரும், ஏனெனில் பென்சில் புள்ளிகள் அரிசியாகவும் இருக்கலாம். வேலை முடியும் வரை இந்த மூன்றையும் கலக்க விடாதீர்கள். குறைந்தது அரை மணித்தியாலமாவது இந்தப் படியில் செலவிட வேண்டும். இதைத் தாண்டி ஓடுபவர்களே பின்னர் தவறான முடிவுகளோடு திரும்பி வருகிறார்கள்.

இரண்டாம் படி: தாளை வாசியுங்கள்

மூலத்தையே பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், ஓவியத்துக்கு முன் தாளைக் கவனியுங்கள். காப்பக வாசிப்பறைக்குப் பேனா கொண்டு போகாதீர்கள், பென்சில் போதும். தாளை ஒளிக்கு எதிரே பிடித்துக் காட்டுமாறு அங்குள்ள அலுவலரிடம் கேளுங்கள். வாட்மன் போன்ற ஆங்கிலேயத் தாள் ஆலைகளின் நீர்க்குறி, அதாவது தாளுக்குள்ளேயே பதிந்து ஒளியில் மட்டும் தெரியும் அடையாளம், தெரியலாம். 1794இல் இங்கிலாந்தில் வந்த ஒரு சட்டத்தை அடுத்து, ஆலைகள் பலவும் நீர்க்குறியில் ஆண்டையும் சேர்த்தன. நீர்க்குறி 1851 என்று சொன்னால், படம் அதற்கு முன் வரையப்பட்டிருக்க முடியாது. பின் எத்தனை ஆண்டு கழித்து வரையப்பட்டது என்பதை அது சொல்லாது.

அடுத்து, கைவில்லையால் கோடுகளைப் பாருங்கள். பென்சில் கோட்டின் மேல் மைக்கோடு ஓடியிருந்தால் அந்தப் பக்கத்துக்கு இரண்டு காலங்கள் உண்டு: களத்தில் வரைந்த காலம் ஒன்று, அறையில் இருந்து திருத்திய காலம் மற்றொன்று. 1874 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கையில் சுற்றிய ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் இந்த முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவர் களத்தில் பென்சிலால் வரைந்து, திகதியையும் நேரத்தையும் வரிசை எண்ணையும் குறித்து, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்பதைப் படத்தின் மேலேயே எழுதி வைத்து, பின்னர் மையால் கோடுகளை உறுதிப்படுத்தி வண்ணம் பூசுவார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் உள்ள அவருடைய இந்திய, இலங்கைத் தாள்களைப் பார்த்துப் பழகுவது நல்ல பயிற்சி. பொதுவாக, களக்கோட்டை அதிகம் நம்பலாம். அறையில் சேர்த்ததை அந்த அளவுக்கு நம்பக்கூடாது. மாதிரிப் பக்கத்தின் அடிக்குறிப்பு மையில் இருக்கிறது, படமோ பென்சிலில் இருக்கிறது. ஆகவே குறிப்பு பிற்பாடு, ஒருவேளை வேறொரு கையால்கூட, எழுதப்பட்டிருக்கலாம்.

தாளின் பின்பக்கத்தையும் மறக்காதீர்கள். சலவைக் கணக்கும் கடிதத் துண்டும் அங்கே இருப்பதுண்டு. சில சமயம் முன்பக்கத்தைவிட அவை அதிகம் பேசும்.

மூன்றாம் படி: வரைந்தவர் எங்கே இருந்தார்?

படத்தில் தொடுவானக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தெருவில் நிற்பவர்களின் தலைக்கு மேலே அது ஓடினால், வரைந்தவர் மாடி விறாந்தையிலோ வண்டியிலோ இருந்திருக்கிறார். குந்தியிருக்கும் பெண்களின் கண் மட்டத்தில் ஓடினால், அவரும் தாழ்வான ஓர் இடத்தில், அவர்களுக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறார். இந்த ஒரு கோடு, வரைந்தவருக்கும் வரையப்பட்டவருக்கும் இடையே இருந்த தூரத்தைச் சொல்லிவிடுகிறது.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கும் தடயங்கள் உண்டு. இங்கிலாந்தின் ஊல்விச் இராணுவக் கல்லூரியில் பீரங்கி, பொறியியல் படை அதிகாரிகளுக்கு நிலக்காட்சி வரைதல் பாடமாகவே இருந்தது. போல் சாண்ட்பி 1768 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே ஓவிய ஆசிரியர். அத்தகைய பயிற்சி பெற்றவரின் பக்கத்தில் கோட்டை மதிலும் கரையோர வளைவும் துல்லியமாக இருக்கும். மனிதர்கள் அளவு காட்டுவதற்காக நிறுத்தப்பட்ட சிறு உருவங்களாக இருப்பார்கள். பெல்பாஸ்டைச் சேர்ந்த ஆண்ட்ரூ நிக்கல் வேறு வகை. 1846இல் கொழும்பு அக்கடமிக்கு ஓவிய ஆசிரியராக வந்த அவர், குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட்டின் ஆதரவோடு வரைந்தார். அவருடைய இயற்கைக் காட்சிகளுக்குப் பின்னால் அரசாங்கத்தின் பார்வையும் இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். உள்ளூர்க் கைகளும் உண்டு. புதுச்சேரியில் பிறந்து கொழும்பில் வாழ்ந்த இப்போலித் சில்வாவ், பல சமூகத்தாரின் உடைகளைத் தனித்தனியாகத் தீட்டினார். கொழும்புப் பறங்கியரான ஜே. எல். கே. வான் டோர்ட் (1831–1898) தெருவாழ்க்கையை அங்கேயே பிறந்து வளர்ந்தவரின் பழக்கத்தோடு வரைந்தார். எல்லாப் பக்கங்களையும் ‘வெள்ளையரின் பார்வை’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிட முடியாது.

இன்னொரு நுட்பம். கொழும்பில் அலைதாங்கி (துறைமுகத்தை அலைகளிலிருந்து காக்கும் கடற்சுவர்) கட்டி முடியும் வரை, நீராவிக் கப்பல்கள் பெரும்பாலும் காலியிலேயே தங்கின. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கொழும்புத் துறை பாதுகாப்பற்றது. ஆகவே 1880களுக்கு முந்திய கொழும்புப் பக்கம் ஒன்றை வரைந்தவர் கொழும்பில் தங்கியிருந்தவராகவோ, காலியிலிருந்து குதிரை வண்டியில் வந்தவராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பிந்தியதானால், கப்பல் நின்ற சில மணித்தியாலங்களுக்குள் கோட்டையைச் சுற்றி வந்த பயணியாகவும் இருக்கலாம். சில மணித்தியாலப் பார்வையும் பல ஆண்டுப் பார்வையும் ஒன்றல்ல.

நான்காம் படி: படத்திலுள்ள பொருள்களால் காலத்தைக் குறுக்குங்கள்

திகதி இல்லாத பக்கத்துக்கு, ‘இதற்குப் பின்’, ‘இதற்கு முன்’ என்ற இரண்டு எல்லைகளைத் தேடுங்கள். மாதிரிப் பக்கத்தின் கோபுரம் சதாம் வீதியின் மணிக்கூட்டுக் கோபுரம் என்று கொண்டால், அது ஆளுநர் ஹென்றி வார்ட்டின் காலத்தில், 1857இல் எழுந்தது. 1867இல் அதன் உச்சியில் விளக்கு ஏற்றப்பட்டு அதுவே கலங்கரை விளக்கமும் ஆயிற்று. உச்சியில் விளக்குக்கூடு இல்லாமல் தெளிவாக வரையப்பட்டிருந்தால், அந்த வரைவு இந்தப் பத்தாண்டுக்குள் அடங்கும்.

இதுபோல் உதவும் வேறு அடையாளங்களும் உண்டு. கோட்டை மதில் இடிப்பு 1869ஐ ஒட்டித் தொடங்கியது. அம்பேபுஸ்ஸ வரையான புகையிரதப் பாதை 1865இல் திறக்கப்பட்டு 1867இல் கண்டியை எட்டியது. அலைதாங்கிக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு, அதன் தென்மேற்குக் கரம் 1885இல் நிறைவுற்றது. ரிக்‌ஷா 1880களில் வந்தது. மின்சார ட்ராம் 1899இல் ஓடியது. ஆனால் ஒன்று படத்தில் இல்லை என்பதால் அது அப்போது ஊரில் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அழகுக்காக ரிக்‌ஷாவை விட்டுவிட்ட ஓவியரும் இருந்திருப்பார்.

பருவத்தை அறிய நிழல் உதவும். கொழும்பு ஏறத்தாழ வட அகலாங்கு 7 பாகையில் இருப்பதால், ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் நிழல் தெற்கே சாயும். மற்ற மாதங்களில் வடக்கே சாயும். கட்டடத்தின் திசை தெரிந்தால் இதைச் சோதிக்கலாம்.

மாதிரிப் பக்கத்தில் ஒரு முரண் இருப்பதையும் இங்கே கவனித்திருப்பீர்கள். கோபுரம் கோட்டைக்குள் இருப்பது. அடிக்குறிப்போ புறக்கோட்டை என்கிறது. தாள் ஒன்றாக இருப்பதால் காட்சியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கோபுரம் ஒரு நாள், பெண்கள் வேறொரு நாள், காது இன்னொரு நாள் வரையப்பட்டிருக்கலாம். கோடுகளின் அழுத்தமும் பென்சில் முனையின் கூர்மையும் மாறும் இடங்களைக் கைவில்லையால் தேடி, பக்கத்தைத் தனித்தனிக் காட்சிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கோபுரம் தந்த பத்தாண்டு எல்லையைப் பெண்களின் மேல் தானாகவே ஏற்றிவிடக் கூடாது.

ஐந்தாம் படி: மனிதர்களை அவர்களுடைய வேலையால் வாசியுங்கள்

இப்போது அடிக்குறிப்பைத் திறக்கலாம். ‘மலபார்’ என்று கண்டதும் கேரளம் என்று நினைக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி ஆங்கில ஆவணங்களில் இலங்கைத் தமிழரையும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவரையும் அப்படியே எழுதினார்கள். ஆகவே இந்தக் குறிப்பு, வரைந்தவர் அவர்களைத் தமிழர் என்று எண்ணினார் என்பதற்கு மட்டுமே சான்று. யாழ்ப்பாணமா, கொழும்பா, இராமநாதபுரமா என்பது அதில் இல்லை.

அதை மூலையில் இருக்கும் காது சொல்லக்கூடும். நீண்டு தொங்கும் மடலும், அதில் உருண்டையும் சதுரமுமாகக் கனத்த அணியும் தெரிந்தால், அது காது வளர்த்துத் தண்டட்டியோ பாம்படமோ அணியும் வழக்கம். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் அது பரவலாக இருந்தது. வரைந்தவர் அதை விசித்திரம் என்று தனியே பெரிதாக வரைந்திருக்கலாம். நமக்கு அது ஊரைச் சுட்டுகிறது. காப்பித் தோட்டங்களுக்காகக் கங்காணிமார் ஆள் திரட்டிய பகுதிகளில் இவையும் அடங்கும். இராமேசுவரம், மன்னார் வழியாக நடந்து மலைநாடு சென்றவர்களும், தூத்துக்குடியிலிருந்து கொழும்பில் வந்து இறங்கியவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் ஓர் அணியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சேலைக்கட்டு, மூக்கணி, உட்காரும் முறை, வேலை ஆகியவற்றில் இன்னும் ஒன்றாவது அதே திசையைக் காட்ட வேண்டும்.

வேலை என்ன? மலைநாட்டிலிருந்து தோலோடு வந்த காப்பிக்கொட்டை கொழும்பின் களஞ்சிய முற்றங்களில் காயவைக்கப்பட்டு, தோல் நீக்கப்பட்டு, பெண்களின் கையால் தெரிந்து பிரிக்கப்பட்ட பின்பே கப்பல் ஏறியது. தமிழ்ப் பெண்களும் சிங்களப் பெண்களும் அந்த வேலையில் இருந்தார்கள். சுளகோடு வரிசையாக, கூரையின் கீழோ மதிலோரமோ பெண்கள் இருந்தால் களஞ்சிய வேலை என்பதற்கு வாய்ப்பு அதிகம். வாசற்படியும் அடுப்புப் புகையும் பக்கத்தில் குழந்தையும் தெரிந்தால், அது வீட்டு அரிசியாக இருக்கலாம். ஆகவே பெண்களைச் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் கவனியுங்கள்: ஓவியர் பின்புலத்தை வரையாமல் விட்டபோது, கூலிக்குச் செய்த வேலைக்கும் வீட்டுக்குச் செய்த வேலைக்கும் இடையிலான வேறுபாட்டையே அழித்துவிடுகிறார்.

கரத்தை அருகே நடப்பவருக்கும் இதே கேள்வி. 1867க்கு முன் என்றால், கிடுகுக் கூரையிட்ட அந்த வண்டி கண்டி வீதியில் காப்பி மூட்டையோடு பல நாள் இறங்கி வந்ததாக இருக்கலாம். புகையிரதம் வந்த பின் அதன் ஓட்டம் நகருக்குள்ளும் நிலையத்துக்கும் களஞ்சியத்துக்கும் இடையிலுமாகச் சுருங்கியது. அதே கோடுகள், வேறு வாழ்க்கை. சுமை தூக்குவோரையும் வீதி வெட்டுவோரையும் வரைந்த பக்கங்களுக்கு இது இன்னும் பொருந்தும். 1830களின் தொடக்கத்தில் இராசகாரிய முறை ஒழிக்கப்படும் வரை அது கட்டாய ஊழியமாக இருந்திருக்கலாம். அதன் பின் கூலி வேலையாகவோ, 1848இன் வீதிச் சட்டப்படி ஆண்டுக்கு ஆறு நாள் கொடுக்க வேண்டியிருந்த உழைப்பாகவோ இருந்திருக்கலாம். அடிமைமுறை இலங்கையில் சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல்தான் என்பதையும் வீட்டு வேலையாட்களைப் பார்க்கும்போது மனதில் கொள்ளுங்கள்.

உயர்ந்த, விளிம்பற்ற தொப்பி அணிந்தவர் சோனக வியாபாரியாக இருக்கக்கூடும். மூட்டையோடு சிறுவன் பின்தொடர்வது வீடுவீடாகத் துணியும் மணியும் விற்பவரைக் குறிக்கலாம். அக்கால ஆங்கிலேயர் இவர்களைத் ‘தம்பி’ என்றே அழைத்தார்கள். அதே வியாபாரி துருக்கித் தொப்பியோடு இருந்தால், பக்கம் பிந்தியதாக இருக்க வாய்ப்பு உண்டு. 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே வந்த அராபி பாஷாவின் செல்வாக்கு அந்தத் தொப்பியைப் பரப்பியது. ஆமையோட்டுச் சீப்புச் செருகிய கொண்டையோடு ஆண்கள் இருந்தால் அவர்கள் கரையோரச் சிங்களவர். கண்டிச் சிங்களவரிடம் அந்த வழக்கம் இல்லை. செட்டியார் தெருவைக் காட்டும் பக்கங்களில் மழித்த தலையையும் திருநீற்றையும் பெரிய காதணியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல், நாட்டுக்கோட்டைச் செட்டியாரையும் கொழும்புச் செட்டிகளையும் பிரித்துப் பாருங்கள்.

ஆறாம் படி: படத்தில் வராதவர்களை எண்ணிப் பாருங்கள்

வெயிலில் உட்கார்ந்து வரையும் துரைக்குக் குடை பிடித்தவர் படத்தில் இல்லை. நாற்காலியைச் சுமந்து வந்தவரும் இல்லை. லியர் இலங்கையில் இருந்தபோது அவருடைய பணியாள் ஜோர்ஜியோ கொக்காலி கடுமையாக நோயுற்றார். அந்த நாட்களில் வரைந்த தாள்களின் அமைதியான காட்சிகளைப் பார்த்து இதை யாரும் ஊகிக்க முடியாது. வசதி படைத்த தமிழரும் இந்தப் பக்கங்களில் அரிது. பொன்னம்பல முதலியார் 1850களில் கொச்சிக்கடையில் சிவன் கோயில் எழுப்பினார். முத்துக்குமாரசுவாமி 1874இல் சர் பட்டம் பெற்றார். சட்டமும் வணிகமும் உத்தியோகமுமாக ஒரு தமிழ் மேற்குடி நகரில் வாழ்ந்துகொண்டிருந்தபோது, குறிப்பேடுகள் திரும்பத் திரும்பச் சுமையாளையும் சாமியாரையுமே தேடின. வாங்குபவரும் வீட்டுக்குக் கடிதம் பெறுபவரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

ஏழாம் படி: வெளியே சென்று சரிபாருங்கள்

கொழும்பில் இருப்பவருக்கு இது எளிது. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் நடந்து, ஓவியர் நின்ற இடத்தை உங்கள் காலாலேயே தேடுங்கள். சதாம் வீதிக் கோபுரமும் 1757இல் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயமும் இன்றும் நிற்பதால், கோணத்தை அவற்றிலிருந்து கணிக்கலாம். தேசிய சுவடிகள் கூடத்தில் அக்கால வரைபடங்கள், அரசாங்க நீலப் புத்தகங்கள் (ஆண்டுப் புள்ளிவிவரத் தொகுப்புகள்), செய்தித்தாள்கள் உண்டு. 1871இன் முதலாவது குடிசன மதிப்பீடு தொழில்வாரியாக ஆட்களைப் பிரித்துக் காட்டும். 1834இல் சைமன் காசிச்செட்டி வெளியிட்ட இலங்கைக் கசெற்றியர், ஒரு தமிழர் இந்த நாட்டின் இடங்களை விவரித்த நூல். ஓவியங்களோடு பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க அதைவிட நல்ல துணை இல்லை என்பது என் எண்ணம். தமிழ்ப் பத்திரிகைகளுக்கு, 1841இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘உதயதாரகை’யிலிருந்து ஆரம்பியுங்கள், நூலகம் இணையத்தளத்தில் பழைய தமிழ் வெளியீடுகள் பல கிடைக்கின்றன.

எட்டாம் படி: விளக்கத்தை எழுதுங்கள்

மூல அடிக்குறிப்பை மேற்கோள் குறிக்குள் அப்படியே கொடுங்கள். ஆனால் உங்கள் சொந்த வாக்கியத்தில் அந்தப் பெயர்களை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். மாதிரிப் பக்கத்துக்கு நான் எழுதுவது இவ்வாறு இருக்கும்:

‘பென்சில் வரைவு, பின்னர் மையால் “மலபார் பெண்கள், புறக்கோட்டை” என்ற குறிப்பு சேர்க்கப்பட்டுள்ளது. ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் வரையப்பட்ட தனிக் காட்சிகள் ஒரே தாளில் உள்ளன. விளக்குக்கூடு இல்லாத மணிக்கூட்டுக் கோபுரம் 1857க்கும் 1867க்கும் இடைப்பட்டது. முன்னால் இரண்டு பெண்கள் சுளகில் தானியமோ காப்பிக்கொட்டையோ தெரிந்தெடுக்கிறார்கள்; பின்புலம் வரையப்படவில்லை. தனியே வரையப்பட்ட காது இவர்களில் ஒருவருடையதானால், அவர் தென் தமிழகத்திலிருந்து வந்தவராக இருக்கலாம். வலப்பக்கம் இருப்பவர் தெருவில் பொருள் விற்கும் சோனகராகலாம். அவருடன் ஒரு சிறுவன் சுமையோடு வருகிறான். பெயர்கள் எவையும் பதியப்படவில்லை.’

இதற்குக் கீழே, நீங்கள் பார்த்த பிரதி மூலமா மின்வடிவமா என்பதையும், பின்பக்கத்தைப் பார்த்தீர்களா என்பதையும், நீர்க்குறி சோதிக்கப்பட்டதா என்பதையும் எழுதுங்கள். விடை கிடைக்காத கேள்விகளையும் அங்கேயே வையுங்கள். இந்தப் பக்கத்துக்கு அவை இரண்டு: காதும் அந்தப் பெண்களும் ஒரே வேளையில் வரையப்பட்டவையா, சுளகில் இருப்பது என்ன? முதலாவதற்குப் பென்சில் முனையின் தடிப்பை மூலத்தில் ஒப்பிட வேண்டும். இரண்டாவதற்கு அதே குறிப்பேட்டின் அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டி, களஞ்சியமோ முற்றமோ வரையப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.